கோழி மருந்தும் சம்பந்தி சர்பத்தும்

சிதம்பரம்,
19-5-1969

மதிப்பிற்குரிய மச்சான் அப்துல் முத்தலிப் அவர்களுக்கு ஜமாலுதீன் எழுதிக்கொண்டது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கே மனிதர்கள் எல்லோரும் சுகம். கோழிகளைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

கடலூர் மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டராக இருக்கும் தாங்கள் பஸ்ஸில் கொடுத்தனுப்பிய கழிச்சல் தடுப்பூசி மருந்தில் வீரியம் பற்றவில்லை. ஊசி போட்டும் ஆறு கோழிகள் போய்விட்டன. அடுத்த மாதம் நம் மகள் சைனம்புவின் நிக்காஹுக்கு வீட்டுக் கோழியிலேயே பிரியாணி என்று சம்பந்தியிடம் வாய்விட்டுவிட்டேன். இப்போது காலையில் கூண்டைத் திறக்கவே பயமாக இருக்கிறது. மிச்சமாவது பிழைக்க வேண்டும். மருந்தைக் கொஞ்சம் காட்டமாகத் தயாரிக்கும்படி மேலிடத்துக்கு எழுதுங்கள்.

நடந்ததை ஒளிக்காமல் சொல்கிறேன். பிளாஸ்கில் ஐஸுக்கு நடுவே மருந்து வந்து இறங்கிய நேரம் பார்த்து சம்பந்தி நஸ்ருதீன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து உட்கார்ந்தார். கத்திரி வெயில். உங்கள் தங்கச்சி ருக்கையா சும்மா இருப்பாளா? "பொண்ணு குடுக்கப்போற எடம், வெறுஞ் சர்பத்தா குடுக்கறது?" என்று ஐஸ் முழுவதையும் அலசி டம்ளர்களில் போட்டுவிட்டாள். மனிதர் கேட்டுக் கேட்டுக் குடித்தார். மருந்து வெறும் பிளாஸ்கில் கிடந்தது. சரி, பானைத் தண்ணியிலாவது வைப்போம் என்று வைத்தால், என் அக்கா ஆசியா உம்மாள் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, கோழியே தூங்கி வழியுது. இவ்ளோ ஜில்லுன்னு குத்துனா ஜன்னி வந்துடாதா?" என்று அடுப்பு மேட்டில் வைத்து வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தாள். அப்புறம்தான் தாங்கள் காட்டிக்கொடுத்தபடி றெக்கைக்குக் கீழே குத்தினேன். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்தும் கோழி செத்தால், குறை மருந்தில் இல்லாமல் வேறு எங்கே இருக்கும்?

ஆகையால் வியாழக்கிழமை தாங்களே புது மருந்தோடு வந்து ஊசி போட்டுவிட்டுப் போகவும். இந்தத் தடவை பிளாஸ்கைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுவேன். ஐஸில் ஒரு துண்டைக்கூட எவரும் தொடமாட்டார்கள். இது சத்தியம்.

தங்கள் வீட்டில் அனைவருக்கும் எங்கள் சலாம். குழந்தைகளுக்கு எங்கள் துஆ என்றும் உண்டு.

இப்படிக்கு,
ஜமாலுதீன்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும்போது சம்பந்தி வீட்டு ஆள் வந்தார். அந்தச் சர்பத்தைப் பற்றி நஸ்ருதீன் வீட்டில் ஓயாமல் பேசுகிறாராம். வியாழக்கிழமை குடும்பத்தோடு வருகிறாராம். மருந்து கிடைக்காவிட்டால் போகட்டும், பிரியாணிக்கு ஆடு பார்த்துக்கொள்ளலாம். ஐஸ் மட்டும் ஜாஸ்தியாகக் கொண்டு வாருங்கள்.