ரோசாவும் பெசோவும்

தனியாக இருப்பவன் கையில் அதிகம் வாசிக்கக் கொடுக்கக்கூடாது. வாசித்ததையெல்லாம் முதலில் அகப்படும் மனிதரின் தலையில் கொட்டிவிடுவான். நான் கொட்டியது ரோசாவின் தலையில். அதுவும் அவருடைய பிறந்தநாளில், ஒலிவாங்கி பிடித்து.

ரொறன்ரோவுக்கு வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. ரூஜ் பகுதியில் ஒரு பேஸ்மென்ற் அறை. வேலை விட்பியில், முதியோர் இல்லமொன்றின் சமையலறையில். அங்கே என்னைத் தவிர எல்லோரும் பிலிப்பைன்ஸ்காரர். மதியம் ஒரே மேசையைச் சுற்றியிருந்து தங்கள் பாஷையில் பேசிச் சிரிப்பார்கள். நான் பக்கத்து மேசையில் புட்டுப்பெட்டியோடு இருப்பேன். அவர்கள் சிரிக்கும்போது நானும் சிரித்துவைப்பேன். (என்னைப் பற்றித்தான் சிரிக்கிறார்களோ என்று பிறகு யோசித்து, புட்டுப்பெட்டியைப் பாதியிலேயே மூடிவிடுவேன்.)

தலைமைச் சமையல்காரி ரோசா ஒருநாள் என் மேசைக்கு வந்தார். "ஞாயிறு மத்தியானம் என்னுடைய ஐம்பதாவது பிறந்தநாள். கட்டாயம் வா." கனடாவில் எனக்குக் கிடைத்த முதல் அழைப்பு அது. அன்றே யாழ்ப்பாணத்திலிருந்த மனைவி சுகந்திக்குப் போன் எடுத்தேன்.

"இஞ்சருங்கோ, அங்க போய் மூலையில நிண்டுபோட்டு வந்திடாதேங்கோ. நாலு பேரோட கதையுங்கோ."

"என்னத்தைக் கதைக்கிறது?"

"அவையின்ர நாட்டைப் பற்றி ஏதும் படிச்சுக்கொண்டு போங்கோவன்."

(இந்த வசனத்தைத் தான் சொல்லவேயில்லை என்று சுகந்தி இன்றைக்கும் சாதிக்கிறாள்.)

நான் நூலகத்துக்குப் போனேன். பிலிப்பைன்ஸ் காசின் பெயர் பெசோ என்பது தெரியும். அது ஸ்பானியச் சொல் என்றும், பொருள் 'பாரம்' என்றும் அங்கேதான் அறிந்தேன். ஸ்பெயின்காரர் மெக்சிக்கோவில் அச்சடித்த வெள்ளிக்காசு அது. பல ஊர்களில் அதை எண்ணாமல் தராசில் நிறுத்துத்தான் வாங்குவார்கள். சில்லறை வேண்டுமென்றால் எட்டுத் துண்டாக வெட்டுவார்கள். இரண்டரை நூற்றாண்டாகக் கப்பல் கப்பலாக மணிலாவுக்குப் போயிருக்கிறது. கனடா டொலருக்கும் அதுதான் பூட்டன் முறை. எனக்குப் புல்லரித்துப்போனது. நாலு நாளாகக் கண்ணாடியின் முன்னால் நின்று ஆங்கிலத்தில் ஒத்திகை பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ரோசாவின் வீட்டில் நாற்பது பேர். முழுப்பன்றி வாட்டல், வரவேற்பறையில் கரோக்கி. கேக்கின் முன்னால் ரோசா கத்தியோடு நின்றார். யாரோ ஒருவர் ஒலிவாங்கியை என் கையில் திணித்து, "ஒரு வாழ்த்துச் சொல்லு" என்றார். எதிரொலியோடு பாட்டுப் பாட வைத்த கருவி. அதில் என் குரல் கோயில் ஒலிபெருக்கி மாதிரிக் கேட்டது.

"ரோசா! உங்களுடைய பெசோ என்றால் பாரம்... பாரம்... பாரம்..."

வீடு அமைதியானது. கவனமாகக் கேட்கிறார்கள் என்று நினைத்தேன்.

"மிகவும் பாரம்! அந்தக் காலத்தில் தராசில் ஏற்றித்தான் மதிப்புப் பார்ப்பார்கள்." என் வலதுகை, எனக்குத் தெரியாமலே, ரோசாவைத் தலையிலிருந்து கால்வரை காட்டிக்கொண்டிருந்தது. "தேவையென்றால் எட்டுத் துண்டாக வெட்டுவார்கள். பிறகு கப்பலில் ஏற்றி..."

ரோசா கத்தியை மெல்லக் கீழே வைத்தார்.

பக்கத்தில் நின்றவர் என் காதுக்குள் சொன்னார். டாக்டர் எடையைக் குறைக்கச் சொல்லி, ரோசா மூன்று மாதமாக வெள்ளரிக்காயில் உயிர்வாழ்கிறார். மதிய மேசையில் நாள்தோறும் அதே பேச்சுத்தானாம். அந்த மேசையில் இருந்திருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும்.

குளியலறைக்குள் போய்த் தொட்டியின் விளிம்பில் இருந்தேன். வெளியே பாட்டுத் தொடங்கியதும், வாசலில் கிடந்த குவியலில் அகப்பட்ட சப்பாத்துக்குள் காலைவிட்டு ஓடிவந்துவிட்டேன். ஜாக்கெற் உள்ளேயே கிடந்தது. பனி கொட்டியது. அந்தப் பெரிய சப்பாத்துகளுக்குள் என் கால்கள் தனித்தனியாக நடந்தன. நாளைக்கு எந்த முகத்தோடு வேலைக்குப் போவது? ஊருக்கே திரும்பிவிடலாமா? பஸ் நிறுத்தத்தில் நின்று அதைத்தான் யோசித்தேன்.

ஒரு கார் வந்து நின்றது. ரோசாவும் கணவரும்.

(நாங்கள் பேசிய ஆங்கிலம் இரண்டு பேருக்குமே சொந்தமில்லாதது. தமிழில் எழுதும்போது கொஞ்சம் அழகாகிவிடுகிறது.)

"அது என்னுடைய புருசனின் சப்பாத்து" என்றார் ரோசா.

"மன்னியுங்கோ. சப்பாத்துக்கும், மற்றதுக்கும்."

"ஞாயிற்றுக்கிழமை பஸ் வர இன்னும் நாற்பது நிமிடம். என்ன செய்யப்போகிறாய்?"

"நிற்பேன்."

"தனியாகவா?"

எட்டு மாதமாக நான் எல்லாவற்றையும் தனியாகத்தான் செய்துகொண்டிருந்தேன். அதை ஒருவர் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. பனி கண்ணில் விழுந்ததுபோல முகத்தைத் துடைத்தேன்.

"ஏறு. இப்போது எங்கள் பெசோவுக்கு ஒரு பாரமும் இல்லை, எனக்குத்தான் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு, ரோசா கார் குலுங்கச் சிரித்தார். "நீ பாதியில் விட்டுவிட்டாய். கப்பல் மணிலாவுக்கு வந்ததா இல்லையா என்று எல்லோரும் கேட்கிறார்கள்."

மீதியைச் சொன்னேன். ஒலிவாங்கி இல்லாமல், கையைக் காற்சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு.

திங்கட்கிழமை அவர்களுடைய மேசையில் எனக்கு ஒரு கதிரை இருந்தது. பெயரும் மாறியிருந்தது. "பெசோ, இங்கே வா!" இரண்டு வருடம் கழித்துச் சுகந்தி விமானநிலையத்தில் வந்திறங்கியபோது, ரோசா பூங்கொத்தை நீட்டி, "வெல்கம், மிசிஸ் பெசோ" என்றார். சுகந்தி என்னைப் பார்த்தாள். "இஞ்ச நீங்கள் வேற பேரிலையோ இருக்கிறியள்?"

இப்போது எங்கள் வீட்டுக்கு விருந்தினர் வந்து நான் தொண்டையைச் செருமினால் போதும். "அப்பா, ப்ளீஸ், நோ பெசோ" என்கிறாள் இங்கே பிறந்த மகள்.

ரோசா ஓய்வுபெற்று ஊருக்குப் போய்விட்டார். மற்றவர்களும் ஒவ்வொருவராக ஒஷாவா, கல்கரி என்று போய்விட்டார்கள். அந்த மேசையில் இருப்பவர்கள் புதியவர்கள். பழக்கத்தில் அவர்களும் பெசோ என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை.

"கேட்டா நான் முதலில இருந்து சொல்லுவன்" என்றேன் சுகந்தியிடம்.

"அதுதான் ஒருத்தரும் கேக்கேல்லை" என்றாள்.