திட்டும் உரிமை பெற்றவர்

அலுவலகத்தைத் திட்டிக்கொண்டே அதிலேயே ஓய்வு பெறுகிற ஓர் இனம் உண்டு. வங்கிகளில் இது செழித்து வளரும். காலையில் கைப்பையை மேசைமேல் வைக்கும் ஓசையிலேயே நீங்கள் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

எனக்குத் தெரிந்தவர் கடன் பிரிவு அதிகாரி. மேலாளருக்குக் கணக்கு வராது, கணினிக்கு உயிர் வராது, மின்விசிறிக்குக் காற்று வராது, தனக்குப் பதவி உயர்வு வராது என்று வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதே தொடங்குவார். சாப்பாடு, கைகழுவல், படுக்கை எல்லாவற்றையும் கடந்து, போர்வைக்குள்ளிருந்தும் தலைமை அலுவலகத்துக்கு நாலு வார்த்தை விழும். மனைவி பொறுத்துப் பார்த்தார். பேருந்தில் நின்றபடியே போய் வந்து கணவருக்கு இடுப்புவலி நிரந்தரமாகிவிட, தெருமுனையில் புதிதாகத் திறந்த இன்னொரு வங்கிக்கு அவர் பெயரில் தானே விண்ணப்பம் போட்டார். அழைப்பு வந்தது. சம்பளமும் கூடுதல்.

நேர்காணல் நன்றாகவே நடந்தது. வேலை உங்களுக்குத்தான் என்கிற தோரணையில் அந்த வங்கி மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, பேச்சுவாக்கில் கேட்டார்:

“உங்க பேங்க்ல கடன் வாங்குறதுக்குள்ள ஆளு கிழவனாயிடுவாராமே?”

இதையே நம்மவர் முந்தின நாள் மனைவியிடம் இன்னும் காரமாகச் சொல்லியிருந்தார். ஆனால் இப்போது சொன்னது யார்? வெளியாள். நம்மவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். தம் வங்கியின் நிதானம், நாணயம், மேலாளரின் கூர்மையான மூளை, இதுநாள்வரை அவரே அறிந்திராத இன்னும் பல சிறப்புகள் என்று மூச்சுவிடாமல் விளக்கினார். கடைசியில் அந்த மேலாளரையே தம் வங்கியில் ஒரு சேமிப்புக் கணக்குத் தொடங்கச் சொல்லிவிட்டு எழுந்து வந்தார்.

வீட்டு வாசலில் காத்திருந்த மனைவி, “என்ன ஆச்சுங்க?” என்றார்.

“நம்ம பேங்க்கப் பத்தி அவன் எப்படிப் பேசலாம்?”

மனைவி உள்ளே போய் இடுப்புவலித் தைலத்தை எடுத்து வந்து கொடுத்தார். வழக்கமாக மனைவிதான் தேய்த்துவிடுவார். அன்று கொடுத்ததோடு சரி.

மறுநாள் அலுவலகத்தில் அவருடைய சிரித்த முகத்தைப் பார்த்துப் பக்கத்து மேசைக்காரர்கள் பயந்தே போனார்கள். பணியில் மனநிறைவு என்று அறிஞர்கள் சொல்வது இதைத்தான் போலும். மதியம்வரை நீடித்தது. பிறகு ஒரு சுற்றறிக்கை வந்தது.

இப்படியும் ஒரு மனிதரா என்று சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் எங்கே வேலை பார்க்கிறீர்கள்? ஓ, அங்கேயா? அந்த இடம் சுமார்தான் என்று கேள்விப்பட்டேன்.

பொறுங்கள், ஏன் எழுந்திருக்கிறீர்கள்?