மூன்று கிணறும் வாளி சாரும்

இந்த நாட்டின் அத்தனை புள்ளிவிவரங்களிலும் உண்மையான எண் ஏதாவது இருக்குமானால், அது வாளி சார் எழுதியதாகத்தான் இருக்கும். மற்றவற்றை என்னைப் போன்றவர்கள் எழுதினோம்.

எழுபதுகளின் கடைசியில் உத்திரமேரூர் பக்கம் ஓர் அரசு அலுவலகத்தில் நான் தலைமை எழுத்தர். எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். ஓய்வூதியம் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. அங்கே புள்ளிவிவரம் சேகரிக்கும் முறை எளிது. மேலிடத்திலிருந்து படிவம் வரும். போன வருடத்துப் படிவத்தை எடுப்போம். ஒவ்வோர் எண்ணையும் அப்படியே எழுதுவோம், அல்லது கொஞ்சம் கூட்டுவோம். நாடு முன்னேறும்போது எண் எப்படிக் குறையும்? மாடு செத்தாலும் ஏரி தூர்ந்தாலும் எங்கள் படிவத்தில் எதுவும் குறைந்ததில்லை. மதியச் சாப்பாட்டுக்குள் வட்டாரம் முழுவதையும் எண்ணி முடித்துவிடுவோம்.

அந்த நிம்மதியைக் கெடுக்கத்தான் புள்ளிவிவர உதவியாளராக வாளி சார் வந்து சேர்ந்தார். சைக்கிள் ஹேண்டில்பாரில் ஒரு தகர வாளி, அடிக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு. கிணறு என்று பதிவேட்டில் இருந்தால் நேரே போய் வாளியை விட்டுப் பார்ப்பார். பல ஊர்களில் அவரை வாளி வியாபாரி என்று நினைத்து விலை கேட்டார்கள்.

கோழிக் கணக்கெடுப்பில் ஒரு வீட்டு வாசலில் நொய்யை இறைத்துக் கோழிகளை எண்ணினார். பக்கத்து வீட்டுக் கோழிகளும் வந்துவிட்டன. எது யாருடையது என்று சண்டை மூண்டு, ஊரே கூடி, கடைசியில் ஒரு சேவலுக்கு மட்டும் சொந்தக்காரர் இல்லை என்று முடிவானது. அவர் படிவத்தின் ஓரத்தில் ‘சேவல், பொது, ஒன்று’ என்று எழுதி அனுப்பினார். மாவட்டத்திலிருந்து விளக்கம் கேட்டு மூன்று கடிதங்கள் வந்தன. மூன்றுக்கும் பதில் எழுதியவன் நான்.

“சுமாரா ஒரு எண் போடுங்களேன்” என்றேன் ஒருநாள்.

“சுமாரா சம்பளம் குடுத்தா வாங்கிக்குவியா சார்?” என்றார். தென்னேரிக்காரர். கோபம் வந்தால் ஊர்ப் பேச்சு வந்துவிடும். கோபம் தினமும் வந்தது.

கிணற்றுக் கணக்கில்தான் விஷயம் முற்றியது. திருப்புலிவனம் தாண்டி ஒரு காலனி. எங்கள் பதிவேட்டில் அதற்கு மூன்று குடிநீர்க் கிணறுகள். ஏழு வருடம் மூன்று என்று எழுதியது என் கை. மூன்று இருக்கும்போது புதிய கிணறு தர விதி இல்லை என்று அவர்கள் மனுக்களைத் தள்ளியதும் அதே கைதான். வாளி சார் போய்ப் பார்த்தார். ஒன்றில் முள்செடி வளர்ந்திருந்தது. இன்னொன்று பெருமழையில் சரிந்து குழியாகக் கிடந்தது. மூன்றாவதில் தண்ணீர் இருந்தது. ஆனால் அது ஒரு நிலக்காரரின் மாந்தோப்புக்குள். காலனிக்காரர்கள் அங்கே குடம் விட்டால் தோப்பு ஆட்கள் குடத்தை உடைப்பார்கள். கரண்ட் வந்து யார் வயலிலாவது பம்புசெட் ஓடினால், கெஞ்சி ஆளுக்கொரு குடம் பிடித்து வந்தார்கள் காலனிப் பெண்கள்.

அவர் தன் படிவத்தில் மூன்றை அடித்துவிட்டு சைபர் போட்டார்.

எங்கள் அதிகாரியின் நாற்காலிக்கு மேல் ஒரு பாராட்டுக் கடிதம் கண்ணாடி போட்டுத் தொங்கியது. எல்லாக் கிராமங்களுக்கும் குடிநீர் கொடுத்துவிட்டதற்காக. அதன் கீழே உட்கார்ந்துகொண்டு சைபரைப் படிக்க அவரால் முடியவில்லை. மறுபடியும் மூன்று போடச் சொன்னார். வாளி சார் போடவில்லை. வட்டாரத்துக் கிணறுகள் அத்தனையையும் பெரிய தாளில் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார். ‘தவறு இருந்தால் இங்கேயே திருத்தவும்’ என்று எழுதி, நூலில் ஒரு பென்சிலும் கட்டினார். ஜனங்கள் திருத்தினார்கள். எங்கள் அலுவலகக் கழிப்பறையிலும் தண்ணீர் இல்லை என்று ஒருவர் சேர்த்தார்.

அதிகாரி கிழித்தார். இவர் ஒட்டினார். மறுபடி கிழித்தார். இவர் பஸ் நிலையத்து டீக்கடையில் ஒட்டினார். பொய்க் கணக்கு கொடுத்ததாகக் குற்றச்சாட்டு மெமோ தயாரிக்கும்படி எனக்கு உத்தரவு வந்தது. கணக்கு பொய் என்று சொல்ல முதலில் நேரடி ஆய்வு வேண்டும் என்று நான் குறிப்பு வைத்தேன். வீரத்தால் அல்ல. முறை தவறிய மெமோவில் என் சுருக்கொப்பம் இருக்கக் கூடாதே என்ற பயத்தால்.

ஜீப்பில் போனோம். முள் வளர்ந்த கிணற்றில் வாளி சார் வாளியை விட்டார். கல்லில் மோதி டொங்கென்றது. அதிகாரி எட்டிப் பார்த்துவிட்டு, கயிறு பத்தவில்லை என்றார்.

கூடி நின்ற பெண்களில் முனியம்மா என்பவள் முன்னால் வந்தாள். “கயிறு பத்தலன்னா நீயே எறங்கிப் பாரு சாரு. மூணு கெணறு, மூணு கெணறுன்னு எயுதிக்கினே கீறீங்களே. அதுல ஒரு சொம்பு மொண்டு குடு. எம்புள்ள குடிக்கட்டும்.”

பிறகு என்னைக் காட்டி, இது யார் என்று கேட்டாள்.

“மூணுன்னு எயுதறது இவருதான்” என்றார் வாளி சார்.

அவள் திட்டவில்லை. பார்த்தாள். மற்ற இரண்டையும் போய்ப் பார்த்துவிட்டு, ஜீப் பானெட் மேல் தாளை வைத்து, மூன்று கிணறுகளைப் பற்றியும் உள்ளபடி ஆய்வுக் குறிப்பு எழுதி அதிகாரியிடம் நீட்டினேன். பெண்கள் சுற்றி நின்றதால் கையெழுத்துப் போட்டார்.

அந்த மாதமே வாளி சாரை ‘நிர்வாக நலன் கருதி’ தென்கோடிக்கு மாற்றினார்கள். யாருடைய நலன் என்று எந்த உத்தரவிலும் எழுத மாட்டார்கள். மறு கோடையில் காலனியில் கிணறு வெட்டப்பட்டது. பதிவேட்டில் என்ன எழுதுவது என்று கேட்டேன். “மூணு ப்ளஸ் ஒண்ணு, நாலு” என்றார் அதிகாரி. இன்று நினைத்தாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. சிவப்பு மையால் மூன்றை அடித்து, ஒன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என் பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனது.

கிணறு வெட்டிய செய்தி எப்படியோ வாளி சாருக்கு எட்டி, சில நாளில் தெற்கேயிருந்து ஓர் அஞ்சலட்டை வந்தது. ‘கிணற்றில் எத்தனை அடி தண்ணீர்? நேரில் பார்த்து எழுதவும்.’ நலமா என்றுகூட இல்லை. உச்சிவெயிலில் இரவல் சைக்கிளை மிதித்துப் போனேன். முனியம்மா கயிறு பிடிக்க, அளந்தேன். அடியையும் அங்குலத்தையும் பதில் அட்டையில் எழுதினேன். கீழே இடம் மிச்சமிருந்தது. வெகுநேரம் யோசித்துவிட்டு, ‘வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள்’ என்று எழுதித் தபாலில் போட்டேன்.