கால் பெருவிரலில் கட்டின பியானோ

மத்தியான நித்திரையை ஒருத்தருக்கும் விட்டுக்குடுக்கிறேல்லை எண்டு இந்த வருசத் துவக்கத்திலை ஒரு முடிவெடுத்தனான். அதுக்காக ஒரு பேயையே உண்டாக்கினன். அந்தப் பேய் என்னைப் பிடிச்ச கதையைக் கேளுங்கோ.

குருநகரிலை எனக்கொரு வலைக்கடை. தங்கூசி எண்ட நைலோன் நூல், மிதப்பு, ஈயக்குண்டு எல்லாம் விப்பன். ஒரு மணிக்குப் பூட்டினால் நாலு மணிக்குத்தான் திறப்பன். இடையிலை நித்திரை. அதுக்குள்ளைதான் பியானோ வந்து விழுந்திது.

மகள் ஜெசிதாவுக்குப் பத்து வயது. மூண்டாந்தரப் பியானோச் சோதினைக்கு ஒரு மாதம் கிடந்திது. போனமுறை கை நடுங்கி, பாதியிலை எழும்பி அழுதுகொண்டு வந்தவள். இந்தமுறையும் தோத்தால் பியானோவே வேண்டாமாம். படிப்பிக்கிற ஜஸ்ரின் சேர் அவளின்ரை கொப்பியிலை சிவத்த மையாலை எழுதிவிட்டார்: "தாயோ தகப்பனோ தினமும் அரை மணித்தியாலம் பக்கத்தில் இருக்க வேண்டும்."

"இஞ்சேருங்கோ, மூண்டு மணிக்கு நீங்கள் இருங்கோ," எண்டாள் மனிசி ஸ்ரெல்லா.

"ஏன், நீர் இருந்தால் பியானோ கோவிக்குமோ?"

"நான் இருந்தால் அவள் என்னோடை சண்டை பிடிப்பாள். நீங்கள் இருந்தால் வாசிப்பாள். சங்கீதம் படிச்சால் பிள்ளைக்கு ஞாபகம் கூடுமாம், பொறுமை வருமாம்."

"எனக்கு நித்திரை வருமே!"

"ராத்திரி எட்டு மணித்தியாலம் என்ன செய்தனீங்கள்? கடலுக்கோ போனனீங்கள்?"

அப்பத்தான் எனக்கு அந்த யோசினை வந்திது.

அந்தப் பியானோ வட்டுக்கோட்டையிலை ஒரு பழைய வீட்டிலையிருந்து வந்தது. கத்தரீனா மிஸ் எண்டு ஒரு மனிசி ஐம்பது வருசம் அதிலை படிப்பிச்சவ. கலியாணம் கட்டேல்லை. அவ காலமானபிறகு சொந்தக்காரர் அதை எங்களுக்குத் தந்தவை. இவ்வளவும் உண்மை. "அந்த ஸ்ரூலிலை இருந்தபடிதான் அவவுக்குச் சீவன் போனதாம். கடைசிப் பாட்டு முடியேல்லையாம்" எண்டு நான் தாய்க்கும் மகளுக்கும் சொன்னது என்ரை சொந்தச் சரக்கு.

ஸ்ரெல்லா சிலுவை போட்டாள். ஜெசிதா ஸ்ரூலாலை எழும்பிப்போய்த் தாயின்ரை கையைப் பிடிச்சாள்.

அடுத்த நாள் கடையிலையிருந்து ஒரு சுருள் தங்கூசி கொண்டு வந்தன். மெல்லிசு. கண்ணுக்கே தெரியாது. பியானோவின்ரை இடதுபக்கக் கடைசிக் கறுப்புக் கட்டையிலை சுருக்குப் போட்டு, கீழை ஒரு ஆணியைச் சுத்தி, கதவுக்குக் கீழாலை அறைக்குள்ளை இழுத்து, கட்டிலிலை படுத்துக்கொண்டு கால் பெருவிரலிலை கட்டினன். விரலை அசைச்சால் ஹோலிலை "டொம்".

மூண்டு மணிக்கு, ஜெசிதா கிட்ட வர முதல் அசைச்சன். டொம். பியானோவடியிலை ஆருமில்லை. திரும்பவும் டொம். ஸ்ரெல்லா அறைக்குள்ளை ஓடி வந்தாள்.

"இஞ்சேருங்கோ, கேட்டதோ?"

"என்னது? நான் நித்திரையெல்லோ!"

நாலு நாள் ஜெசிதா பியானோவுக்குக் கிட்டவும் போகேல்லை. நான் குறட்டை விட்டு நித்திரை கொண்டன்.

அஞ்சாம் நாள் ஸ்ரெல்லா சொன்னாள்: "பாவம், மோட்சம் போகாமல் உத்தரிக்கிற ஆத்துமா. கத்தரீனா மிஸ்ஸுக்கு ஒரு பூசை குடுக்கவேணும். நானும் பிள்ளையும் சுவாமியாரிட்டைப் போட்டு வாறம்." கேற் சாத்துற சத்தம் கேட்டிது. திரும்பி வரேக்கை ஒரு டொம் போட்டு வரவேற்பம் எண்டு, விரலிலை நூலைக் கட்டினபடியே படுத்தன்.

கறண்ட் போயிட்டுது. காத்தாடி நிண்டுது. யன்னலாலை வெயில் வெள்ளையாய் விழுந்திது. ரோட்டிலை ஒரு சைக்கிள் மணிகூட இல்லை. காகமும் கத்தேல்லை. வீடு என்ரை மூச்சைக் கேட்டுக்கொண்டு இருக்கிறமாதிரி எனக்கொரு பயம் வந்திட்டுது.

என்ரை விரலை ஆரோ இழுத்தினம்.

மெல்லமாய்த்தான். மீன் தூண்டிலைத் தொட்டுப் பாக்கிறமாதிரி. தலையைத் தூக்கிப் பாத்தன். நூல் விறைச்சுக்கொண்டு கதவுக்குக் கீழை போகுது. வீட்டிலை ஒருத்தருமில்லை. திரும்ப இழுத்திது. கால் கட்டிலாலை கீழை இறங்கிப் போயிட்டுது.

பிறகு பியானோ வாசிச்சிது. என்ரை டொம் இல்லை, முழுப்பாட்டு. மெல்ல, கவலையாய், ஒரு இடத்திலும் தட்டுப்படாமல். ஐம்பது வருசம் படிப்பிச்ச கை எண்டு எனக்கு விளங்கிப்போச்சு. எங்கடை பிள்ளை இப்பிடி வாசிக்காது. அது கட்டை கட்டையாய்த் தட்டுறது.

நூலை அவிழ்க்கப் பாத்தன். இழுக்க இழுக்க முடிச்சு இறுகிச்சுது. முழங்காலிலை விழுந்தன்.

"அந்தோனியாரே! இனிப் பேய்க்கதை கதைக்கமாட்டன்! பிள்ளை கடைசி எட்டாந்தரம் முடிக்குமட்டும் ஒவ்வொரு நாளும் மூண்டு மணிக்குப் பக்கத்திலை இருப்பன்! இது நேர்த்திக்கடன்!"

மூண்டு தரம் கத்திச் சொன்னன். பாட்டு நிண்டுது. கதவு திறந்திது. ஸ்ரெல்லா நிண்டாள். கையிலை நூலின்ரை மற்ற நுனி.

"என்ரை அப்பு நாப்பது வருசம் கடலுக்குப் போனவர். எனக்குத் தங்கூசி தெரியாதோ? கேற்றைச் சாத்திப்போட்டுப் பின்கதவாலை வந்தனாங்கள். மெயின் சுவிச்சை நிப்பாட்டினதும் நான்தான்."

"அப்ப... வாசிச்சது ஆர்?"

தாய்க்குப் பின்னாலையிருந்து ஜெசிதா தலையை நீட்டினாள். "நான்தானப்பா. சோதினைப் பாட்டு. இந்த நாலு நாளும் சேர் வீட்டிலை பழகினனான்."

சொந்தப் பிள்ளையின்ரை கையைச் செத்த மனிசியின்ரை கையெண்டு நினைச்சுப்போட்டன். வெக்கமாயும் கிடந்திது, பெருமையாயும் கிடந்திது.

"ஒரு நாளாவது பக்கத்திலை இருந்து கேட்டிருந்தால் தெரிஞ்சிருக்கும்," எண்டாள் ஸ்ரெல்லா.

"சரியப்பா, பேய்தான் இல்லையே. அப்ப நேர்த்தியும் செல்லாதெல்லோ?" எண்டன் நான்.

"எனக்கோ நேர்ந்தனீங்கள்? அந்தோனியாருக்கு. அவரிட்டைப் போய்க் கேளுங்கோ."

ஆர் போய்க் கேக்கிறது? குருநகரிலை பிறந்தவனுக்கு நேர்த்தியோடை விளையாடத் துணிவு வருமோ?

ஜெசிதா கை நடுங்காமல் வாசிச்சுப் பாஸ் பண்ணிப்போட்டாள். நாலாந்தரம் துவங்கியாச்சு. ஒவ்வொரு நாளும் மூண்டு மணிக்கு நான் பக்கத்துக் கதிரையிலை. நேத்துக் கண் கொஞ்சம் சொக்கிச்சுது. அவள் வாசிக்கிறதை நிப்பாட்டிப்போட்டு என்ரை துடையிலை தட்டினாள்.

"அப்பா, முழிச்சிருந்து பழகுங்கோ. எட்டாந்தரத்துக்கு இன்னும் அஞ்சு வருசம் கிடக்கு."