கிழமை மிஸ்ஸியும் இல்லாத இரண்டு கிழமையும்

கல்முனைக்குடியில் மாதம் என்ற ஒன்று இருப்பதையே ஒத்துக்கொள்ளாத ஒரே மனுசி, கிழமை மிஸ்ஸிதான். எதையும் வாரக் கணக்கில், கிழமை கிழமையாகத்தான் எண்ணுவார். எங்கள் பகுதிக் கர்ப்பிணிகளைப் பார்க்கும் மருத்துவமாது. பாண்டிருப்பிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைச் சொல்லி விசாரித்தால் கிளினிக்கிலேயே, அது ஆரு என்று திருப்பிக் கேட்பார்கள்.

எத்தனை வருட சேவை என்று ஒருவர் கேட்டபோது, ஆயிரத்து நானூறு கிழமை என்றாராம். கேட்டவர் போனை எடுத்து வகுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனார்.

அவருடைய பையில் பிரஷர் பார்க்கும் கருவிக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் டப்பா இருக்கும். அதற்குள் எள், பயறு, கச்சான் கடலை, ஊறுகாய்க்குப் போடும் தேசிக்காய் ஒன்று. ஐந்தாம் கிழமையில் வருகிறவளின் உள்ளங்கையில் எள்ளை வைப்பார், ஆறாம் கிழமைக்குப் பயறு, எட்டுக்குக் கச்சான், பன்னிரண்டுக்குத் தேசிக்காய். இதுதான் உங்கட பிள்ளை என்பார். புருசன்மாரையும் விடமாட்டார். வெளியே நிற்கிறவனைக் கூப்பிட்டு, அவன் கையிலும் வைப்பார். எங்கள் வீதியில் பல ஆண்கள் கச்சான் கொறிப்பதை விட்டதற்கு இந்த டப்பாதான் காரணம் என்பது என் அபிப்பிராயம்.

என் குடும்பத்தை அவர் காப்பாற்றிய கதைக்கு வருகிறேன்.

நான் கட்டாரில் மின்வேலை செய்துவிட்டு, இரண்டு வருடம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை ஊர் வந்தேன். வந்து ஆறு கிழமை ஆனபோது, என் மனைவி றிஸ்னாவை ஸ்கேன் எடுக்கக் கூட்டிப்போனேன். டொக்டர் திரையைப் பார்த்தபடி, துடிப்பு நன்றாக இருக்கிறது, எட்டுக் கிழமை என்றார். றிஸ்னா அழுதாள், சந்தோசத்தில். நான் விரல் மடித்துக்கொண்டிருந்தேன்.

வந்து ஆறு. வயிற்றில் எட்டு. மிச்சம் இரண்டு. அந்த இரண்டு கிழமையும் நான் தோஹாவில் ஏணியில் நின்றுகொண்டிருந்தேன்.

முதலில் ஸ்கேன் மெசினைச் சந்தேகப்பட்டேன். பிறகு டொக்டரின் கண்ணாடியை. பிறகு என் பாஸ்போட்டை எடுத்து, வந்த திகதி முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு யாரைச் சந்தேகப்பட்டேன் என்று எழுத இன்றும் கை கூசுகிறது. மூன்று நாள் றிஸ்னாவின் முகத்தைப் பார்க்காமல் சோறு தின்றேன். பயணக் களைப்பு இன்னும் போகவில்லை என்று றிஸ்னாவின் உம்மா, என் மாமி, கோழி அறுத்துச் சமைத்துத் தந்தார். அதைப் பாதியில் வைத்துவிட்டு எழும்பினேன்.

கூட்டாளி றமீஸிடம், கட்டாரில் என்னோடு வேலை செய்த ஒருவனுக்கு இப்படிப் பிரச்சினை என்று சொன்னேன். அவன் வெகுநேரம் யோசித்தான். கட்டார் நேரமும் எங்கள் நேரமும் வித்தியாசம், அதில்தான் எங்கோ பிசகியிருக்கும் என்றான். அந்த வித்தியாசம் இரண்டரை மணித்தியாலம்தான் என்று தெரிந்திருந்தும், நான் அதையும் கொஞ்ச நேரம் நம்பிப் பார்த்தேன்.

நாலாம் நாள் தாங்க முடியாமல் கிளினிக்குக்கு ஓடினேன். மிஸ்ஸி பதிவு அட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மறுபடியும் அந்தக் கட்டார் கூட்டாளியை இழுத்தேன். அவர் தலையை நிமிர்த்தி என்னை ஒருதரம் பார்த்தார்.

"அந்தக் கூட்டாளிட மனுசிக்குப் பேரு றிஸ்னாவா?"

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னார்.

"தம்பி, கரு தங்கின நாள் ஆருக்குந் தெரியாது. கடைசியா மாதவிடாய் வந்த முதல் நாள்தான் பொம்பிளைக்கு ஞாபகம் இரிக்கும். அதில இருந்துதான் நாங்க கிழமை எண்ணுற. அதுக்குப் பிறகு ரெண்டு கிழமை மட்டில போய்த்தான் கரு உண்டாகிற."

"அப்ப முதல் ரெண்டு கிழமையும்?"

"பிள்ளையே இல்ல."

"இல்லாத பிள்ளைக்கு என்னண்டு மிஸ்ஸி வயசு போடுற?"

"உங்கட வாப்பா வயல் செய்தவர்தானே. விதைக்க முதல் தண்ணி கட்டி, உழுது, வரம்பு கட்டுற நாளெல்லாம் அந்தப் போகத்துக்குள்ளதானே வாற? இதும் அப்பிடித்தான்."

பிறகு நான் வந்த திகதியைக் கேட்டார். கலண்டரில் விரலை வைத்து எண்ணினார்.

"கணக்குச் சரி. நீங்க பிளேனால இறங்கி வேற எங்கயும் சுத்தாம நேர வீட்டதான் போயிரிக்கீங்க."

வெட்கத்தில் எந்த வழியால் வந்தேன் என்று தெரியாமல் மருந்து கொடுக்கும் அறைக்குள் போய், திரும்பி வந்தேன். அன்று வீட்டில் மாமி சமைத்ததை இரண்டு தரம் போட்டுத் தின்றேன். மூன்று நாளாய் என்ன நடந்தது என்று றிஸ்னா கேட்டாள். வயிற்றுக்குச் சரியில்லை என்றேன்.

குழப்பம் அதோடு தீர்ந்ததென்றால் அதுதான் இல்லை. பிள்ளை பத்து மாதம் என்றார் மாமி. ஒன்பது என்றேன் நான். நாற்பது கிழமை என்றார் மிஸ்ஸி. ஒரே பிள்ளைக்கு எங்கள் வீட்டில் மூன்று திகதிகள் இருந்தன. இருபதாம் கிழமைக்குப் பிறகு மிஸ்ஸி நாடாவால் வயிற்றை அளந்து அட்டையில் எழுதத் தொடங்கினார். கிழமை எத்தனையோ சென்றிமீற்றரும் ஏறத்தாழ அத்தனை, இரண்டு கூடினாலும் குறைந்தாலும் பயமில்லை என்றார். விளங்கிவிட்டது என்று நினைத்தேன்.

இருபத்தெட்டாம் கிழமையில், றிஸ்னா சாய்ந்து படுத்திருந்த ஒரு பகல், வேலைக்குக் கொண்டுபோகும் இரும்பு டேப்பை எடுத்து நானே அளந்தேன். தொண்ணூற்றாறு வந்தது. செருப்புக் கூடப் போடாமல் கிளினிக்குக்குப் போனேன். வரிசையில் இருந்த இருபது பெண்களுக்கு முன்னால், மிஸ்ஸி, பிள்ளைக்குத் தொண்ணூற்றாறு கிழமை என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. மற்ற இருபது பேரும் சிரித்தார்கள். வயிற்றைச் சுற்றி அளப்பதில்லை, கீழே இடுப்பு முன்னெலும்பிலிருந்து மேலே கருப்பையின் உச்சி வரைக்கும்தான் அளப்பது என்று சுவரில் இருந்த படத்தில் காட்டித் தந்தார். அந்த இரும்பு டேப்பைத் தன்னிடம் ஒப்படைக்கும்படியும் சொன்னார்.

முப்பத்தொன்பதாம் கிழமையில் மகள் பிறந்தாள். மூன்று திகதிகளில் ஒன்றுக்கும் பொருந்தாத ஒரு நாளில்.

மிஸ்ஸி பிள்ளையைப் பார்க்க வீட்டுக்கு வந்தார். நான் தேத்தண்ணி கொண்டு வரும்போது றிஸ்னா கேட்டாள்:

"மொதல் ஸ்கேன் எடுத்து நாலாம் நாள் இவரு உங்களத் தேடி வந்தாராமே மிஸ்ஸி. என்னத்துக்கு?"

நான் கோப்பையை மேசையில் வைத்தேன். மிஸ்ஸி பிள்ளையின் தொப்புளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"உங்களுக்குச் சாப்பாடு செல்லுதில்லையாம், என்ன குடுக்கிற எண்டு கேட்க வந்தவர், மகள்."

றிஸ்னா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அப்படி ஒரு பார்வையை அதற்கு முன் நான் பெற்றதில்லை. பெறத் தகுதியும் இல்லை என்பது அந்த அறையில் இரண்டு பேருக்குத் தெரியும்.

மிஸ்ஸி போன வருடம் ஓய்வுபெற்றுவிட்டார். இதை எழுத முதல், நேற்று, றிஸ்னாவிடம் உண்மையைச் சொன்னேன். அவள் மகளின் தலைமுடியைச் சீப்பால் இறுக்கி இழுத்தாள். பின்னி முடித்துவிட்டுச் சொன்னாள்.

"வாற பெருநாளைக்கு மொத வட்டிலப்பம் மிஸ்ஸிக்குப் போகணும். நீங்கதான் கொண்டு போகணும்."

ஓம் என்றேன்.