பூஜ்யம் சாரும் ஒரு மௌனமும்

கண்ணெதிரே நிற்கும் பொருளையும் முதலில் ‘உண்டா’ என்று விசாரித்த பின்னரே நம்பிய மனிதர் ஒருவரைத்தான் வடசென்னை ஈன்றது. அவர், எண்ணூரில் எங்கள் தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் அறையில் புரோகிராம் எழுதிய பூஜ்யம் சார்.

எழுபதுகளின் கடைசி அது. சன்னலுக்கு வெளியே கடல் மூட்டம். உள்ளே இயந்திரத்தின் தாலாட்டு. அரைக் கனவில், கம்ப்யூட்டருக்கு ஊட்டும் அட்டைகளில் துளையிட்டுக்கொண்டிருப்போம். தேநீர் வந்தால், சார் முதலில் டம்ளரைத் தொட்டுப் பார்ப்பார். பிறகே உள்ளே எட்டிப் பார்ப்பார்.

“இன்னா சார், டீ கீதான்னு பாத்தா போதாதா?” என்பான் தேநீர்க்கார அந்தோணி.

“டம்ளரே இல்லாங்காட்டி டீய எங்க நைனா தேடுவே?”

ஒருமுறை ஷிப்டுப் பட்டியல் அச்சாகையில் இயந்திரம் பாதியில் உயிரை விட்டது. ஒவ்வொரு தொழிலாளியின் பதிவிலும், அவருடைய மேஸ்திரியின் விவரம் நினைவகத்தில் எங்கே உள்ளது என்ற முகவரி இருக்கும். மேஸ்திரி இல்லாதவருக்கு அங்கே பூஜ்யம். புரோகிராமோ அந்தப் பூஜ்யத்தின் கதவையே தட்டி, ‘மேஸ்திரி பெயரில் எத்தனை எழுத்து?’ என்று வினவியிருந்தது!

“ஆளே இல்லாதப்ப பேரக் கேட்டா மிசினு பேஜாராவாதா? மொதல்ல ஆளு கீறானா பாரு. அப்பால பேரு கீதா பாரு. ஆளு கீறான், பேரு காலின்னா, அது வேற கத” என்றபடி இரண்டே வரிகளைச் சேர்த்தார். இயந்திரம் எழுந்தது. பட்டப்பெயரும் அன்றே நிலைத்தது.

இத்தகையவர், தொழிற்சாலையின் டெலிபோன் ஆபரேட்டரான ராயபுரத்துப் பிலோமினாவிடம் மனத்தைப் பறிகொடுத்தார். ஒரு மாலை, எங்கள் முன்னிலையிலேயே ரிசீவரை எடுத்தார்.

“பிலோமினா, என்னக் கட்டிக்கிறியா?”

மறுமுனையில் பதில் இல்லை.

“ஊத்திக்கிச்சு மாமு! வெச்சுடு!” என்றான் அந்தோணி.

சார் கையுயர்த்தி அடக்கினார். “லைனு கீது. மூச்சு கேக்குது. வார்த்ததான் காலி. அதுக்கு இல்லன்னு அர்த்தமா?”

கடல் மூட்டம் சன்னலைத் தழுவியது. தேநீர் ஆறியது.

“இன்னும் கீறியா?” ரிசீவருக்குள்ளிருந்து மெல்லிய குரல்.

“கீறேன்.”

“அப்போ ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு வூட்டாண்ட வா. அப்பா கைல பேசு.”

டக்கென்று வைத்துவிட்டாள். சார் மட்டும் ரிசீவரைக் காதோடு அணைத்தபடி சிரித்துக்கொண்டே நின்றார். மறுமுனையில் எவரேனும் உண்டா என்று வாழ்வில் முதன்முறையாக அவர் சோதிக்கவில்லை. அதை அவரிடம் சொல்ல எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை.