தராசு பாயின் இடது சீட்

முன் சீட்டில் இடது பக்கம் பாயம்மா. பின் சீட்டில் ஜன்னலோரம் பாயம்மாவின் அம்மா, மடியில் வெற்றிலைப் பெட்டி. நடுவில் பாயம்மாவின் தம்பி. அந்தப் பக்கம் தம்பியின் மனைவி, கையில் டிபன் கேரியர். டிக்கியில் இருபது கிலோ எடைக்கல் நான்கு. ஸ்டீரிங்கைப் பிடித்தபடி பாயம்மாவின் வீட்டுக்காரர் தராசு பாய். காருக்கு வெளியே என் முதலாளியும் நானும்.

சிங்காநல்லூரில் எங்கள் வீல் அலைன்மென்ட் கடைக்குப் பாய் முதல் தடவை வந்த அன்று இருந்தவர்கள் இவ்வளவு பேர். குடும்பத்தோடு காருக்குள் உட்கார்ந்துகொண்டு அலைன்மென்ட் பார்க்கச் சொன்ன ஆள் கோயமுத்தூரிலேயே அவர் ஒருத்தர்தான். உலகத்திலும் இன்னொருத்தர் இருக்க மாட்டார். தேடிப் பார்க்க வேண்டாம்.

டவுனில் பெரிய கடை வீதிக்குப் பின்னால் அவருக்குத் தராசுக் கடை. தராசு விற்பார், ரிப்பேர் பார்ப்பார், எடைக்கல் சரிபார்ப்பார். நிஜப் பேரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. எங்களுக்கும் தராசு பாய்தான்.

எங்கள் வேலையைச் சொல்லிவிடுகிறேன். கால் விரல் உள்ளே திரும்பி நடக்கிற ஆளுக்குச் செருப்பு ஒரு பக்கம் தேயும். காரின் முன் சக்கரமும் அப்படித்தான். கொஞ்சம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருந்தால் டயர் ஓரம் தேயும். சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். முன்பின் சாய்வு தப்பாக இருந்தால் வளைவு முடிந்ததும் ஸ்டீரிங் தானாக நடுவுக்கு வராது. ஓட்டுகிற ஆள் வழி முழுக்க வண்டியோடு மல்லுக்கட்ட வேண்டும். நாங்கள் நாலு சக்கரத்திலும் தட்டு மாட்டுவோம். கம்ப்யூட்டர் நம்பர் காட்டும். சிவப்பு என்றால் தப்பு, பச்சை என்றால் சரி. வண்டிக்கு அடியில் இருக்கும் குழியில் இறங்கி நட்டைத் திருகிப் பச்சைக்குக் கொண்டுவருவது நான்.

பாயின் கார் இடது பக்கம் இழுத்தது. முதலாளி எல்லோரையும் இறங்கச் சொன்னார். பாய் ஸ்டீரிங்கை விடவில்லை.

“ஏனுங்க, காலி வண்டியா ரோட்டுல போவுது? இத்தனை பேரோடதானுங்க போவுது. போற மாதிரியே வெச்சுப் பாருங்க.”

காலி வண்டியில்தான் பார்ப்பது வழக்கம் என்று முதலாளி சொன்னார். கடையில் தராசின் முள்ளைப் பார்ப்பது தட்டு காலியாக இருக்கும்போதா, சரக்கு ஏறினபோதா என்று பாய் கேட்டார். முதலாளி தோட்டத்தை விற்றுக் கடை வைத்தவர். என்னைப் பார்த்தார். நான் குழியில் இறங்கிவிட்டேன்.

தலைக்கு மேலே குடும்பம். பாய் யாரையும் அசையவிடவில்லை. பாயம்மாவின் அம்மா வெற்றிலை எச்சில் துப்ப இறங்க வேண்டும் என்றார். பாய் மறுத்தார். டிபன் கேரியரின் மேல் தட்டைக் காலி செய்து கொடுத்தார்கள். அதில் இருந்த இட்லியைத் தம்பி தின்னப் போனார். தின்னக் கூடாது, இட்லி எந்த இடத்தில் இருந்ததோ அங்கேயே இருக்க வேண்டும் என்று பாய் சொன்னார். வயிற்றுக்குள் போனாலும் அதே சீட்டில்தானே இருக்கும் என்று தம்பி கேட்டார். பாய் இட்லியையும் தம்பியின் வயிற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தின்னலாம் என்றார்.

இதெல்லாம் கஷ்டமாக இல்லையா என்று முதலாளி பாயம்மாவிடம் கேட்டார்.

“நிக்காஹ் முடிஞ்சு ஊட்டுக்கு வந்த மறுநாளே என்னையத் தராசுல ஏத்தினவருங்க இவரு. காருல உக்கார வெக்கறது பெரிய விசயமுங்களா?”

நம்பர் பச்சையானது. ஓட்டிப் பார்க்கப் பைபாஸுக்குப் போனோம். காரில் எனக்கு இடமில்லை, பைக்கில் பின்னால் போனேன். கார் அப்போதும் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போனது. திரும்பி வந்து பார்த்தேன். டயர்தான் கோளாறு. இடது டயரை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போட்டேன். இழுப்பு வலதுக்குப் போனது. வலதுக்குப் போன அந்த டயரைக் கழற்றி வேறு டயர் போட்டதும் இழுப்பு நின்றது.

மறுபடி பைபாஸ். பாய் ஸ்டீரிங்கை விட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். நல்ல வேகம். பின் கண்ணாடி வழியாக மூன்று தலை தெரிந்தது. மூன்றும் குனிந்துகொண்டன. கார் நூல் பிடித்த மாதிரி போனது. கண்ணுக்கு எட்டின தூரம் போனது. இது என் கையால் செய்த வேலைதான். ஆனாலும் வாய் பிளந்து பார்த்துக்கொண்டே போய், திரும்ப வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டேன்.

டயர் மாற்றினதால்தான் சரியானது என்று பாயிடம் சொன்னேன். ஆமாம் என்றார். ஆனால் ஆள்களை ஏற்றி வைத்துப் பார்த்ததால்தான் டயரின் கோளாறு பிடிபட்டது என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

அப்புறம் பழகிவிட்டார். ஆளைப் பார்த்ததும் எடை சொல்வார். வணக்கம் கிடையாது. “எழுபத்தொம்பது,” என்றபடி முதலாளியின் முன்னால் உட்காருவார். முதலாளி பாய் காரில் கொண்டுவந்த தராசில் ஏறிப் பார்த்தார், எழுபத்தொன்பது. அன்றோடு மத்தியான வடையை நிறுத்தினார். எனக்கு அறுபத்தொன்று என்றார். தராசில் அறுபத்துமூன்று வந்தது. முதலாளிக்கு ஒரே சந்தோஷம். பாய் முகம் மாறாமல் என் பேன்ட் பையைக் காட்டச் சொன்னார். ரெண்டு ஸ்பானர், ஒரு பிடி நட்டு, சக்கரத்தில் ஒட்டும் ஈயத்துண்டு. எடுத்து வைத்துவிட்டு ஏறினேன். அறுபத்தொன்று. முதலாளி எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஒரு தடவை வால்பாறை போய்விட்டு வந்து, கொண்டை ஊசி வளைவில் எல்லாம் ஸ்டீரிங் தானாகத் திரும்பி நேராக நின்றது என்று என் தோளைத் தட்டினார். ஒவ்வொரு வளைவிலும் கையை விட்டுப் பார்த்தாராம்.

“அவரு கைய உட்டாரு. நான் உசுர உட்டுட்டேன்,” என்று பாயம்மா காருக்குள் இருந்து சொன்னார்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் கழித்துப் பாய் தனியாக வந்தார். இடது சீட்டில் பாயம்மா இல்லை. எடைக்கல் இருந்தது. மூன்று இருபது கிலோ, ஒரு ரெண்டு கிலோ, ஆக அறுபத்திரண்டு. சீட் பெல்ட் போட்டிருந்தது. சம்சாரத்துக்கு வர முடியவில்லை, அவள் எடைக்குக் கல் வைத்திருக்கிறேன், பாருங்கள் என்றார்.

முதலாளி கார் ஜன்னலில் குனிந்து கல்லுக்கு வணக்கம் சொன்னார். பாயம்மா இன்னிக்கு ரொம்ப அமைதி என்றார். ஊட்டிலும் இப்படி இருந்தால் தேவலை என்று பாயும் சிரித்தார்.

அடுத்த மாதமே திரும்ப வந்தார். அலைன்மென்ட் அத்தனை சீக்கிரம் கெடாது. ஏன் என்று கேட்டேன். எடை மாறிவிட்டது என்றார். சீட்டில் ஐம்பத்தேழு. பாயம்மா டயட் இருக்கிறாரா என்று முதலாளி கேட்டார்.

பாய் சிரிக்கவில்லை. வயிற்றில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வாரா வாரம் ஆஸ்பத்திரிக்கு ஊசிக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். அங்கே பாயம்மாவை எடை போடுகிறார்களாம். எடை ஏறினால் மருந்து வேலை செய்கிறது என்று அர்த்தம், இறங்கிக்கொண்டே போனால் நம் கையில் இல்லை என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

“வண்டி ஒரு பக்கம் போயி நான் வெடுக்குனு இழுத்தேன்னா, அவ வயித்தப் புடிச்சுக்கறா தம்பி. வாய் தொறந்து சொல்ல மாட்டா. அதான் நான் இழுக்கவே கூடாது. வண்டி தானா போவோணும்.”

முதலாளி டீ வாங்கி வரப் போனார். எங்கள் கடையிலேயே டீ இருந்தது.

அதற்கு அடுத்த தடவை ஐம்பத்தொன்று. நம்பரைப் பார்த்தேன். போன தடவை வைத்த இடத்திலேயே பச்சையில் இருந்தது. உள்ளதைச் சொன்னேன்.

“பாய், ஆறு கிலோவுக்கெல்லாம் இது அசையாதுங்க.”

“மிசினுக்கு அசையாதுங்க தம்பி. எனக்கு அசையுது.”

நான் குழியில் இறங்கினேன். நட்டு ஒவ்வொன்றாகக் கை வைத்துப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாக இருந்தது. அப்படியும் கொஞ்ச நேரம் உள்ளேயே நின்றேன்.

அன்றைக்கு பைபாஸுக்கு என்னையும் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டார். அவர் ஓட்டுகிற விதத்தைப் பார்த்தேன். பள்ளத்துக்குப் பள்ளம் நின்று, இறக்கி, ஏற்றினார். வேகத்தடையில் சக்கரம் ஏறுகிறதா என்றே தெரியவில்லை. பின்னால் பஸ், லாரி, அதற்குப் பின்னால் சிங்காநல்லூரில் பாதி. பஸ் டிரைவர் பக்கத்தில் வந்து, மாட்டுவண்டி வாங்கிக்கொள்ளச் சொன்னார். பாய் கையை நீட்டி வழி காட்டினார்.

“நீங்க போங்க கண்ணு. எங்கூட ஆளு இருக்குது.”

பஸ் டிரைவர் இடது சீட்டைப் பார்த்தார். பெல்ட் போட்ட எடைக்கல்லைப் பார்த்தார். ஹாரன் அடிக்காமல் போய்விட்டார்.

கடைக்குத் திரும்பி வந்து பாய் சொன்னார்: வீட்டிலும் கட்டிலோரமாக ஒரு தராசு போட்டிருக்கிறாராம். வெள்ளிக்கிழமை காலையில் பாயம்மாவைத் தாங்கிப் பிடித்து ஏற்றுவாராம். பிடித்தால் எடை தப்பு என்று கையை விட்டுவிடுவாராம். விட்ட கையைப் பாயம்மாவின் முதுகுக்கு ஒரு விரல் தள்ளியே வைத்திருப்பாராம். அதை நடித்துக் காட்டினார்.

“ஏறி நின்னுக்கிட்டு, கிலோ என்ன வெலைக்குப் போடறீங்கன்னு கேக்கறாளுங்க.”

அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். முதலாளிக்குச் சிரிப்பு சரியாக வரவில்லை.

அடுத்த தடவை நாற்பத்துமூன்று. ரெண்டு இருபது, ஒரு ரெண்டு, ஒரு ஒன்று. அந்த ஒரு கிலோக் கல் பெல்ட்டுக்குள் நிற்காமல் உருண்டது. பாய் தன் கைக்குட்டையை மடித்து முட்டுக் கொடுத்தார். அன்றைக்கு யாருக்கும் எடை சொல்லவில்லை. முதலாளியைத் தாண்டிப் போனார், பார்க்கவில்லை.

அப்புறம் அவர் வரவில்லை. ஒரு மாதம் போனது. ரெண்டு மாதம் போனது. பாயுடையதைப் போல வெள்ளைக் கார் எது வந்தாலும் முதலாளி எழுந்து நின்றார். போன் பண்ணிப் பாருங்கள் என்று நான் சொன்னேன். நீ பண்ணு என்றார். நம்பர் ரெண்டு பேரிடமும் இருந்தது. ரெண்டு பேரும் பண்ணவில்லை. மதுக்கரையில் இருந்து வருகிற ஒரு கஸ்டமருக்குப் பெரிய கடை வீதியில் வேலை இருந்தது. தராசுக் கடை திறந்திருக்கிறதா என்று பார்த்து வரச் சொன்னோம். பூட்டியிருக்கிறது என்றார்.

ஒரு திங்கட்கிழமை காலையில் கார் வந்தது. மெதுவாக வந்து குழி மேல் சரியாக நின்றது. பாய் இறங்கினார். தாடி நிறைய நரைத்திருந்தது. முதலாளியை ஏற இறங்கப் பார்த்தார்.

“எழுபத்திநாலு. ஏனுங்க, சாப்பிடறதில்லீங்களா?”

முதலாளி எழுந்துகொண்டார். என்னைப் பார்த்தார். நான் காரின் இடது பக்கம் போனேன். கண்ணாடி ஏற்றியிருந்தது. கதவைத் திறந்தேன்.

பெல்ட் போட்டிருந்தது. ரெண்டு இருபது. ஒரு ரெண்டு. ஒரு கிலோக் கல்லைக் காணவில்லை. அது இருந்த இடத்தில் ஐந்து கிலோக் கல் உட்கார்ந்திருந்தது. குனிந்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினேன். முதலாளி பின்னால் வந்து நின்று, எவ்வளவு என்று கேட்டார். திரும்ப ஒரு தடவை எண்ணிவிட்டுச் சொன்னேன்.

நாற்பத்தேழு.